பகலில் குறட்டை விட்ட ரோஜா

தேன்கனிக்கோட்டை ரோட்டில், பூ கம்பெனிகளின் பிளாஸ்டிக் கூரைகள் வெயிலில் ஏரி மாதிரிப் பளபளக்கிற இடத்துக்கு இந்தப் பக்கம், பன்னிரண்டு வீடுகள் ஒரே நீளச் சுவரில் ஒட்டிக்கொண்டு நிற்கிற எங்கள் லைனில், ஆடி மாதத்து வியாழக்கிழமை ஒன்றில், காலை எட்டேகால் மணிக்கு, மாதம்மா வீட்டுப் பிளாஸ்கில் நின்றிருந்த சிவப்பு ரோஜா குறட்டை விடத் தொடங்கியது. அது மாதம்மாவின் புருசன் தீர்த்தகிரியின் குறட்டைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை, ஏனென்றால் ஆறு வருசத்துக்கு முன்னால் அவர் காணாமல் போகிறவரைக்கும் லைனில் எல்லோரும் ராத்திரிதோறும் அதைக் கேட்டுக்கொண்டுதான் படுத்திருந்தோம், மழைச் சத்தத்தையும் தெரு நாயையும் போல அதுவும் ராத்திரியில் ஒரு பாகமாக இருந்தது, அவர் போன பிறகுதான் அது எவ்வளவு பெரிய சத்தம் என்று எங்களுக்குத் தெரிந்தது.

பூ ஏன் பிளாஸ்கில் நின்றது என்றால், அந்த வீட்டில் அதற்கு வேறு இடம் இருக்கவில்லை. மாதம்மா பூ கம்பெனியில் ராத்திரி வேலை பார்ப்பவள். ரோஜாவைக் காம்பின் நீளம் பார்த்து நாற்பது சென்டி, ஐம்பது, அறுபது, எழுபது என்று பிரித்து, இருபது இருபதாகக் கட்டி, அட்டை சுற்றிக் கோல்டு ரூமுக்குள் அனுப்புகிற வேலை. கழுத்து சாய்ந்ததையும் இதழோரம் கறுத்ததையும் ஏற்றுமதிக்கு ஆகாது என்று ஒதுக்கிவிடுவார்கள். ஒதுக்கியதை ஒரு கவரில் போட்டுக்கொண்டு வந்து, காலையில் வீடு வீடாகக் கொடுத்துக்கொண்டே அவள் தன் வீட்டுக்கு வருவாள். வாங்கிக்கொண்ட பெண்கள் காம்பைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தலையில் வைத்துக்கொள்வார்கள், சிலர் மாரியம்மன் படத்துக்கு வைப்பார்கள், ஏழாம் வீட்டில் செத்துப்போன மாமனார் போட்டோவுக்கு வைப்பார்கள். பூ என்றால் தலைக்கு, இல்லை சாமிக்கு, இல்லை செத்தவருக்கு; எங்கள் பக்கத்தில் ஒரு பூவுக்கு இந்த மூன்று விலாசம்தான். மாதம்மாவுக்கு மூன்றும் இல்லை. புருசன் இருக்கிறாரா இல்லையா என்று தெரியாதவள் தலையில் ரோஜாவோடு குழாயடிக்குப் போனால் பார்க்கிறவர்களின் கண் அவள் தலையிலேயே நின்றுவிடும். அவருடைய போட்டோவுக்கு வைத்தால் வைத்த நிமிசமே அவர் செத்தவராகிவிடுவார். சாமியோடு அவளுக்கு ஆறு வருசமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

தீர்த்தகிரி கல்குவாரியில் லாரிக்கு எடை போடுகிறவராக இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் செருப்பு வார் அறுந்துவிட்டது, தைத்துக்கொண்டு வருகிறேன் என்று வெறுங்காலோடு செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு போனவர்தான். அவரைக் கோலாரில் தக்காளி மண்டியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார், பெங்களூர் மடிவாளாவில் பஸ்ஸுக்குள் பார்த்ததாக ஒருவர், திருப்பதியில் மொட்டைத் தலையோடு பார்த்ததாக ஒருவர். பார்த்த எல்லோரும் கூப்பிட்டார்களாம், அவர் திரும்பவில்லையாம். பிள்ளை இல்லாத வீடு. ராத்திரி அந்த அமைதியில் படுக்க முடியாமல்தான் மாதம்மா நைட் ஷிப்ட் கேட்டு வாங்கிக்கொண்டாள், ஆனால் பகலிலும் அந்த வீடு அதே அளவுக்கு அமைதியாகத்தான் இருந்தது.

அந்த வியாழக்கிழமை ஒரு பூ மிச்சமாகிவிட்டது. எழுபது சென்டி காம்பு, நேரான காம்பு, கழுத்து மட்டும் இடது பக்கமாகச் சாய்ந்திருந்தது. தூக்கி எறிய மனசு வராமல், அவர் குவாரிக்கு டீ கொண்டுபோகிற உயரமான பிளாஸ்கை அலசித் தண்ணீர் ஊற்றி, கம்பெனியில் செய்கிற மாதிரியே காம்பின் நுனியைத் தண்ணீருக்குள் முக்கியபடியே சாய்வாக வெட்டி, தண்ணீரில் மூழ்குகிற இலைகளை உருவிப் போட்டுவிட்டு, வெயிலும் ஃபேன் காற்றும் படாத மூலையில் சுவரோரமாகச் சாய்த்து வைத்துவிட்டுப் படுத்தாள். எட்டேகாலுக்குப் பூ குறட்டை விட்டது. மாதம்மா கொஞ்சநேரம் கேட்டுக்கொண்டு படுத்திருந்தாள், பிறகு எழுந்து போய், முன்பெல்லாம் அவர் தோளைப் பிடித்து ஒருக்களித்துத் திருப்பிவிடுவது போலப் பூவைக் காம்போடு பிடித்துச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டாள். குறட்டை தாழ்ந்தது. ஆறு வருசத்தில் முதல்முறையாகச் சாயங்காலம் ஐந்து மணிவரைக்கும் தூங்கினாள்.

இந்தப் பக்கத்து வீட்டு முனிரத்தினமும் தூங்கினான். வார்ப்புப் பட்டறையில் ராத்திரி வேலை செய்கிறவன், பகல் தூக்கம் கெட்டு இரண்டு வருசமாகக் கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புப் பை தொங்கிக்கொண்டிருந்தது. மாதம்மா வீட்டுச் சுவரும் அவன் வீட்டுச் சுவரும் ஒன்று. சாயங்காலம் முகம் கழுவி, சவரம் செய்து, ஒரு விருந்தாளியைப் பார்க்கப் போகிறவன் மாதிரிச் சட்டை மாற்றிக்கொண்டு வந்து வாசலில் நின்று, மாமா வந்துட்டாராக்கா என்று கேட்டான். மாதம்மா மூலையைக் காட்டினாள். அவன் பிளாஸ்கையும் பூவையும் பார்த்தான், குனிந்து கழுத்துச் சாய்வைப் பார்த்தான்.

“நாளைக்கும் தூங்குவாராக்கா?”

“தெரியல தம்பி. தண்ணி மாத்தி வைக்கிறேன்.”

எங்கள் லைனில் பன்னிரண்டு வீட்டில் ஒன்பது வீட்டில் ராத்திரி வேலைக்காரர்கள். மற்றவர்கள் விடிந்து எழுந்து பல் துலக்குகிற நேரத்தில் இவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு, ஜன்னலில் போர்வையைத் தொங்கவிட்டு, காதில் பஞ்சும் கண்மேல் ஈரத்துண்டும் வைத்துக்கொண்டு படுப்பார்கள். குக்கர் விசில், ஸ்கூல் வேன், வெங்காய வண்டியின் ஒலிபெருக்கி, தண்ணீர் லாரி எல்லாமும் அந்தப் பஞ்சுக்குள் நுழைந்துவிடும். ஊரே விழித்திருக்கிறபோது தனியாகத் தூங்குவது சுலபமில்லை, யாரோ நம்மை விட்டுவிட்டு எங்கேயோ போய்விடுகிற மாதிரியே இருக்கும். தீர்த்தகிரியின் குறட்டை வந்த பிறகு அந்த உணர்ச்சி போய்விட்டது. பக்கத்தில் ஒரு ஆள் தூங்கிக்கொண்டிருக்கிறான், நாமும் தூங்கலாம். முனிரத்தினம் தூங்கியதை மூன்றாம் வீட்டுக்காரர் கேட்டார், அவர் சொல்லி ஒன்பதாம் வீட்டு வாட்ச்மேன் கேட்டார், அந்த வாரக் கடைசியில் மாதம்மாவின் முன்னறையில் ஏழு பாய்கள் விரிந்திருந்தன, பெண்கள் அடுப்படிப் பக்கம், ஆண்கள் வாசல் பக்கம், பூ நடுவில். இரண்டாம் வீட்டுக் கெம்பம்மா யாருக்கு எந்த இடம் என்று பிரித்துக் கொடுத்தாள். பகல் வேலைக்காரியான அவளுக்குத் தூக்கத்தில் ஒரு குறையும் இல்லை, ஆனால் லைனில் எது நடந்தாலும் அதை நடத்துகிறவள் அவள்தான்.

விசயம் வெளியே போனது. வெங்காய வண்டிக்காரர் எங்கள் முனை வந்ததும் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டே கடந்தார். கூட்டம் கூடுகிறதாமே என்று விசாரிக்க வந்த வார்டு மெம்பர் நிலைப்படியில் உட்கார்ந்து விசாரிக்கத் தொடங்கி, விசாரணையின் நடுவிலேயே தலை தொங்கிவிட, மூன்று மணிநேரம் கழித்து எழுந்து வாயைத் துடைத்துக்கொண்டு போனார், பிறகு வரவில்லை. மாரியம்மன் கோயில் பூசாரி வந்து கேட்டுவிட்டு, இதில் அம்மனுக்குச் சம்பந்தமில்லை, இது குடும்ப விவகாரம் என்றார். கம்பெனியிலிருந்து சூப்பர்வைசர் ஒருவர், ஒதுக்கிய பூவையெல்லாம் குழியில்தான் போட வேண்டும் என்று சட்டம் பேச பைக்கில் வந்தார். அவருக்கும் அது ராத்திரி ஷிப்ட் வாரம். சாயங்காலம் ஐந்து மணிக்கு அவரை எழுப்பிக் கெம்பம்மா டீ கொடுத்தாள்.

பூவை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ஒரு சிட்டிகை சர்க்கரை போட்டபோது குறட்டை கனத்து, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற மாதிரி ஆனது. தலைவலி மாத்திரையைப் பொடித்துப் போட்டால் பூ நிற்கும் என்று யாரோ சொல்லிப் போட்டுப் பார்த்தார்கள். ஒரு பகல் முழுக்க அவர் சத்தமே இல்லாமல் தூங்கினார், ஏழு பேரும் கண்ணை விழித்துக்கொண்டு கிடந்தார்கள், அன்றைக்குச் சாயங்காலமே தண்ணீரைக் கொட்டினார்கள். தண்ணீர் மாற்ற ஒரு நாள் தாமதமானால் குறட்டையில் சளி கட்டியது. தண்ணீருக்குள் ஒரு இலை தவறிக் கிடந்து அழுகியபோது இருமினார். மாதம்மா எல்லோரையும் விலக்கிவிட்டுத் தனக்குத் தெரிந்த முறைக்கே திரும்பினாள்: தினமும் காலையில் பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் ஊற்றி, காம்பின் நுனியில் ஒரு நகத்தளவு சாய்வாக வெட்டிவிடுவது. வெட்டினால்தான் காம்பின் வாய் திறக்கும், திறந்தால்தான் தண்ணீர் ஏறும்.

அப்படி வெட்டிய பூ பத்து நாள் நிற்கும், நல்ல பூவாக இருந்தால் பன்னிரண்டு நாள். இது நின்றுகொண்டே இருந்தது. ஆனால் காம்பு குறைந்தது. ஆடி முடிகிறபோது பிளாஸ்கின் வாய்க்கு மேலே பூவின் தலை மட்டும் தெரிந்தது, ஆவணியில் அதைச் சொம்புக்கு மாற்றினாள், ஆவணிக் கடைசியில் டம்ளருக்கு. ஒரு நாள் வெட்டாமல் விட்டுப் பார்த்தாள். மத்தியானத்துக்குள் அவருக்கு மூச்சுத் திணறியது, ஓடி வந்து வெட்டினாள். தினமும் வெட்டினால் காம்பு தீர்ந்துவிடும், வெட்டாவிட்டால் இன்றைக்கே போய்விடும். யாரிடமும் சொல்லாமல் அவள் விரலை வைத்து மீதியை அளந்துகொண்டிருந்தாள். காம்பு தீர்கிற அன்றைக்கு என்ன ஆகும் என்பதை நினைத்தால் அவளுக்குக் கண் மூட முடியவில்லை. முதல் நான்கைந்து நாள் தூங்கியதோடு சரி. பிறகு ஏழு பேர் வாய் திறந்து தூங்குகிற அறையில், மடியில் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு, பூவுக்குப் பக்கத்தில் அவள் ஒருத்தி மட்டும் உட்கார்ந்திருந்தாள். வீடு நிறைய ஆள் இருந்தார்கள். எல்லோரும் எங்கேயோ போயிருந்தார்கள்.

தூங்கி எழுந்தவர்களுக்கு நடுவே தினமும் ஒரு வழக்கு நடந்தது: தீர்த்தகிரி இருக்கிறாரா, இல்லையா. உயிரோடு இருக்கிறவருடைய மூச்சு இப்படிப் பூவில் வந்து கேட்காது, போனவர்களுக்குத்தான் இந்த மாதிரி வசதியெல்லாம் என்பது கெம்பம்மாவின் கட்சி. செத்தவன் எதற்குக் குறட்டை விடப் போகிறான், குறட்டைக்கு மூக்கு வேண்டும், தொண்டை வேண்டும், களைப்பு வேண்டும் என்பது முனிரத்தினத்தின் கட்சி. உயிரோடு இருக்கிறார் என்றால் அவர் குறட்டை இங்கே இருக்கிறது, அங்கே அவர் சத்தமில்லாமல் தூங்கிக்கொண்டிருப்பார் என்று வாட்ச்மேன் கணக்குப் போட்டார். கெம்பம்மா உடனே, அப்படின்னா அங்க பக்கத்துல படுக்கறவ குடுத்து வச்சவ, பாவம் இவளுக்குச் சத்தம், அவளுக்குத் தூக்கம் என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். மாதம்மாவும் சிரித்துவிட்டு டம்ளரைக் கழுவக் குழாயடிக்குப் போனாள், அன்றைக்கு அதைக் கழுவி முடிக்க வெகுநேரம் ஆனது.

அவளுக்கென்று ஒரு கட்சி இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ராத்திரியில் பூ சத்தம் போடுவதில்லை என்று சாவி வைத்திருக்கிற கெம்பம்மா சொல்லியிருந்தாள், எட்டேகாலுக்குத்தான் ஆரம்பிக்கும், நாலரைக்கு நிற்கும். அப்படியென்றால் அவரும் இப்போது ராத்திரி வேலைக்காரர். எங்கேயோ ஒரு கேட்டில், ஒரு குடோனில், ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருக்கிறார். காலையில் ஏழரைக்கு ஒரு அறைக்குத் திரும்புகிறார், எதையோ சாப்பிடுகிறார், ஜன்னலை மூடுகிறார். அவள் கம்பெனியில் பூக்களை நீளம் பார்த்து அடுக்குகிறபோது அவரும் விழித்திருக்கிறார். இவ்வளவுதான் அவள் கட்சி. அதற்கு அவர் உயிரோடு இருக்க வேண்டும், உயிரோடு இருப்பதற்குப் பூ இருக்க வேண்டும், பூவுக்கு நான்கு விரல் காம்பு மிச்சமிருந்தது.

புரட்டாசி அமாவாசை வந்தது. அன்றைக்கு எங்கள் பக்கத்தில் போனவர்களுக்கெல்லாம் படையல் போடுவார்கள், தேதி தெரியாதவர்களுக்கும், ஆள் இல்லாதவர்களுக்கும் சேர்த்து. இரண்டு மாதமாக ஒரு மனுசனுடைய தூக்கத்தில் பங்கு வாங்கிக்கொண்டு அவருக்கு ஒரு கை சோறு வைக்காமல் இருக்கிறோமே என்று முனிரத்தினத்துக்குத் தோன்றிவிட்டது. அவன் கட்சிப்படி அவர் உயிரோடு இருக்கிறவர், உயிரோடு இருக்கிறவருக்குப் படையல் போடக்கூடாது என்பதும் அவனுக்குத் தெரியும், போய்க் கெம்பம்மாவிடம் கேட்டான்.

“இருந்தாலும் சாப்பிடட்டும், இல்லன்னாலும் சாப்பிடட்டும்” என்றாள் கெம்பம்மா. “பசிக்கு அது தெரியுமா?”

மாதம்மாவிடம் கேட்டால் வேண்டாம் என்பாள், கேட்காமல் செய்தால் தடுக்க மாட்டாள் என்று முடிவாயிற்று. பகலில் அவர் தூங்குவார், எழுப்பிச் சாப்பிடச் சொல்வது முறையில்லை, அவர் முழித்திருக்கிற நேரத்தில்தான் இலை போட வேண்டும் என்பதிலும் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஆகவே மாதம்மா வேலைக்குப் போன பிறகு, விளக்கு வைக்கிற நேரத்தில், கெம்பம்மா சாவி போட்டுத் திறந்தாள். டம்ளருக்கு முன்னால் தலைவாழை இலை விரித்து, சோறு, பருப்பு, வடை, காராமணிப் பொரியல், அவருக்குப் பிடிக்கும் என்று மாதம்மா எப்போதோ சொன்ன கருவாட்டுக் குழம்பு தனிக் கிண்ணத்தில், எல்லாவற்றையும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார்கள். முனிரத்தினம் ஓசூர் வரைக்கும் போய் ஏலக்கி வாழைப்பழம் இரண்டு சீப்பு, தோலில் புள்ளி விழுந்து தேன் மணக்கிற பழமாகப் பார்த்துப் பொறுக்கி வாங்கி வந்து, இலையின் மேல்பக்கம், டம்ளரை ஒட்டி வைத்தான். கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டு, பூனை வராமல் ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டிக்கொண்டு வந்தார்கள். நிதானமாகச் சாப்பிடட்டும்.

காலையில் மாதம்மா வந்தபோது ஏழு பேரும் பாயோடு வாசலில் நின்றிருந்தார்கள், நல்ல காரியம் செய்தவர்களின் முகத்தோடு. அவள் பூட்டைத் திறந்து கதவைத் தள்ளினாள், உள்ளே இருந்து பழுத்த வாழைப்பழ வாசம் வெளியே வந்து அவள் முகத்தில் மோதியது. அதற்கு மேல் அவள் பார்க்க வேண்டியது ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்தாள். வெளி இதழ்களெல்லாம் டம்ளரைச் சுற்றி உதிர்ந்து கிடந்தன. மிச்சமிருந்த இதழ்கள் பின்னால் மடங்கி, நடுவில் மஞ்சள் தெரிய, பூ வாயைப் பிளந்துகொண்டு இருந்தது. மணி எட்டுகூட ஆகவில்லை, அதற்குள் குறட்டை ஆரம்பித்திருந்தது, மேலே மேலே, தொண்டைக்கு மேலேயே நிற்கிற குறட்டை.

அவள் ஜன்னல்களைத் திறந்தாள். டம்ளரை எடுத்துக்கொண்டு போய் அடுப்படியில் வைத்து, தண்ணீர் மாற்றி, நுனியை வெட்டினாள். தண்ணீர் ஏறவில்லை. திரும்பிக் கொண்டுவந்து வைத்துவிட்டு இலைக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

“பழம் யாரு வச்சது?”

“நான்தான்க்கா” என்றான் முனிரத்தினம். “நல்ல பழமா பாத்துதான் வாங்கனேன்.”

“பழுத்த பழத்துக்கு ஒரு காத்து இருக்குது தம்பி. பூட்டுன ரூம்ல பூவும் பழமும் ஒண்ணா ராத்திரி தங்குச்சுன்னா, பழம் பூவையும் பழுக்க வச்சிடும். எங்க கம்பெனில யாரோ ஒருத்தி சாப்பாட்டுப் பையில ரெண்டு வாழப்பழத்தோட கோல்டு ரூமுக்குள்ள பைய மறந்துட்டு வந்துட்டா. காலைல ஒரு ரேக்கு பூவும் போச்சு. அதுலேருந்து கேட்லயே பையத் தொறந்து பாப்பாங்க.”

“எங்ககிட்ட நீ இதச் சொல்லவே இல்லியேக்கா.”

“இந்த வீட்டுக்கு யாரு பழம் கொண்டு வரப் போறாங்கன்னு இருந்துட்டேன்.”

முனிரத்தினம் தன் பாயைச் சுவரில் சாய்த்தான், அது சரிந்தது, திரும்பவும் சாய்த்தான். “அப்ப மாமாவ நாங்களே…” என்று தொடங்கி முடிக்கவில்லை.

“பூவத்தான் தம்பி” என்றாள் மாதம்மா. “பூவத்தான்.”

அதைச் சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள் மாதிரி டம்ளரைத் திரும்பிப் பார்த்தாள்.

கெம்பம்மா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்குக் குரல் தாழ்ந்துபோயிருந்தது. பழம் கிழம் எல்லாம் ஒரு சாக்கு, சாப்பிட்டார், கிளம்பிவிட்டார், இந்த ஒரு இலைக்காகத்தான் இத்தனை நாள் காத்துக்கிடந்தார் என்று நினைத்துக்கொள்ள வேண்டும், இனிமேலாவது மாதம்மா தனக்கு ஒரு முடிவு கட்டிக்கொள்ள வேண்டும் என்று சொல்லிக்கொண்டே, அவள் கை மாதம்மாவின் நெற்றிப் பொட்டை நோக்கிப் போய்ப் பாதியில் நின்றது. மாதம்மா விலகவும் இல்லை, குனியவும் இல்லை.

“அக்கா, அவரு இருக்காரா இல்லையான்னு நேத்து எனக்குத் தெரியாது. இன்னைக்கும் தெரியாது. வாழப்பழம் சொல்லி நான் அதத் தெரிஞ்சுக்க வேணாம்.”

கெம்பம்மாவின் கை மடிக்குத் திரும்பியது.

தீர்த்தகிரியின் குறட்டையில் ஒரு இடம் உண்டு. மூச்சு உள்ளே போகும், போய் வெளியே வராமல் நின்றுவிடும். பத்து எண்ணலாம், சில ராத்திரி இருபது எண்ணலாம், பிறகு ஒரு பெரிய செருமலோடு திரும்ப வரும். கல்யாணமான பத்தொன்பது வருசமும் அந்த இடம் வரும்போதெல்லாம் இருட்டில் மாதம்மாவும் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறாள், அவருடையது திரும்பி வந்த பிறகுதான் தன்னுடையதை விடுவாள், எதற்காக அப்படிச் செய்கிறோம் என்று அவள் யோசித்ததில்லை. பூவிலும் அந்த இடம் இருந்தது. இந்த இரண்டு மாதமும், ஒவ்வொரு பகலும், எத்தனை முறை என்று அவளுக்கே தெரியாது, ஏழு பேர் தூங்குகிற அறையில் அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

இப்போது அந்த இடம் வந்தது. அறையில் இருந்த எல்லோருக்கும் கேட்டது. கத்தரிக்கோல் அவள் கையில் இருந்தது, மூன்று விரல் காம்பு மிச்சமிருந்தது, இன்னும் ஒரு தரம் மேலே ஏற்றி வெட்டினால் மத்தியானம் வரைக்கும்கூட இழுத்துப் பிடிக்கலாம். நாங்கள் அவள் கையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கத்தரிக்கோலைத் தரையில் வைத்தாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு பூவைப் பார்த்தாள். பத்து ஆனது, இருபது ஆனது, வெளியே ஸ்கூல் வேன் வந்து நின்று பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனது, அவள் கழுத்து நரம்பு புடைத்தது, கண்ணில் தண்ணீர் கோத்தது. அவளுடைய மூச்சுதான் முதலில் தீர்ந்தது. அவள் விட்டாள். பூ விடவில்லை.

கொஞ்சநேரம் கழித்து அவள், பசிக்கிறது என்றாள். இலையிலிருந்து ஒரு வாழைப்பழத்தைப் பிய்த்து, தோலை உரித்துத் தின்றாள். இன்னொன்று தின்றாள். நான்கு பழம் தின்று, தோல்களை இலை ஓரத்தில் அடுக்கி வைத்தாள். படையல் பழத்தை அவள் எடுத்துத் தின்றதால் அவர் போய்விட்டார் என்பதை ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தமா, இல்லை ராத்திரி முழுக்க நின்று வேலை பார்த்த ஒருத்தி பசிக்குத் தின்றாள் என்று அர்த்தமா என்று அதற்குப் பிறகு பல மாதம் லைனில் பேசினோம், முனிரத்தினமும் கெம்பம்மாவும் அதிலும் இரண்டு கட்சியாகவே இருந்தார்கள். அவளிடம் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. கையைக் கழுவிக்கொண்டு வந்து, எல்லாரும் அவங்கவங்க வீட்டுக்குப் போங்க என்று மட்டும் சொன்னாள். ஏழு பேரும் பாயைச் சுருட்டிக்கொண்டு போனார்கள். அவள் தன் பாயை அறையின் நடுவில் விரித்தாள்.

அன்றைக்கு லைனில் ஒருவருக்கும் தூக்கம் வரவில்லை. முனிரத்தினம் சுவரில் காதை வைத்துக்கொண்டு படுத்திருந்தான், அழுகைச் சத்தம் கேட்டால் கெம்பம்மாவைக் கூப்பிடலாம் என்று. வெகுநேரம் ஒன்றும் கேட்கவில்லை. பத்து மணிக்கு மேல் ஒரு சத்தம் வந்தது. மெல்லிய சத்தம், ஈர மூங்கிலை யாரோ அவசரமில்லாமல் அறுக்கிற மாதிரி. அவன் கேட்டதே இல்லாத சத்தம். எழுந்து போய், அன்றைக்கு வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருந்த கெம்பம்மாவைக் கூட்டி வந்தான். இரண்டு பேரும் ஜன்னல் வழியாகப் பார்த்தார்கள். மாதம்மா மல்லாந்து, கையைக் காலை அகட்டிப்போட்டு, அறையில் பாதியை அடைத்துக்கொண்டு, வாய் லேசாகத் திறந்திருக்கக் குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள். பத்தொன்பது வருசம் அவருடைய சத்தத்துக்குக் கீழே அது யாருக்கும் கேட்டிருக்காது, அதற்குப் பிறகு அந்தச் சத்தம் வருகிற அளவுக்கு அவள் தூங்கியதில்லை. எங்கேயும் நிற்காமல், போய் வந்து போய் வந்து, ஒரே சீராக இருந்தது. முனிரத்தினம் திரும்பிப் போய்ப் படுத்துப் பார்த்தான். அது அவனைத் தூங்க வைக்கவில்லை. யாரையும் தூங்க வைக்கவில்லை. அது அவளுக்கு மட்டுமான தூக்கமாக இருந்தது.

மத்தியானம் மழை வந்து நின்றது. டம்ளரைச் சுற்றி மிச்ச இதழ்களும் விழுந்தன, இலைச்சோற்றில் எறும்பு ஏறியது, அவள் திரும்பிப் படுக்கக்கூட இல்லை. சாயங்காலம் ஆறு மணிக்குக் கம்பெனி வேன் முனையில் வந்து நின்று ஹாரன் அடித்தது. இரண்டாம் தரம் அடிப்பதற்குள் கெம்பம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஓடிப்போய் டிரைவர் பக்கத்துக் கதவைத் தட்டினாள்.

“மாதம்மா வரல. நீ போப்பா.”

உடம்பு சரியில்லையா என்று டிரைவர் கேட்டார். வீட்டில் ஏதாவது விசேசமா, யாராவது வந்திருக்கிறார்களா என்றும் கேட்டார், ஏனென்றால் ஆறு வருசத்தில் மாதம்மா ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

“யாரும் வரல” என்றாள் கெம்பம்மா. “தூங்கறா.”